அடிக்கு மட்டும்தான் கணக்கா?

‘உடம்பில் விழும் அடியை எண்ணலாம், மனசில் விழும் அடியை எண்ண முடியாது. அதுவும் அது ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் வசையாக இருப்பது இன்னோரிடத்தில் வீட்டுப் பேச்சு. அதை வைத்து நாடுகளை ஒப்பிடுவது வீண் வேலை.’ குடும்ப வன்முறை பற்றிய கருத்தரங்கானாலும் தொலைக்காட்சி விவாதமானாலும் இந்த வாதத்தை யாராவது ஒருவர் எடுத்து வைக்கிறார். பண்பாட்டின் மேல் அக்கறை உள்ள பேச்சு போலத் தோன்றுவதால் அவையும் தலையாட்டிவிடுகிறது. பல ஆண்டுகளாக இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காரணம், இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. உலகில் மூன்றில் ஒரு பெண் வன்முறைக்கு ஆளாகிறாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டில் உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் மட்டுமே அடங்கும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 5.2.1 என்ற குறிகாட்டி உடல், பாலியல், உளவியல் வன்முறை மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஆனால் உலக மதிப்பீடு முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இப்படிப் பேசுகிறவர்கள் உளவியல் வன்முறை பற்றிக் கேட்கும் ஆய்வுகளின் வினாத்தாளைப் பிரித்துப் பார்த்திருந்தால் பாதி வாதம் அங்கேயே அடங்கியிருக்கும். ‘உங்கள் மனம் புண்படுகிறதா?’ என்று யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில் கேட்கப்பட்டவை செயல்கள். உங்களை இழிவாகப் பேசினாரா? மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தினாரா? முறைத்தோ கத்தியோ பொருள்களை உடைத்தோ வேண்டுமென்றே பயமுறுத்தினாரா? உங்களையோ உங்களுக்கு வேண்டியவர்களையோ அடிப்பேன் என்று மிரட்டினாரா? ஒரு முறையா, சில முறையா, பல முறையா? பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது எந்தப் பண்பாட்டில் வீட்டுப் பேச்சு?

சரி, எண்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பதே அவர்களுடைய பெரிய ஆயுதம். மாறத்தான் செய்கின்றன. அந்த 2005 ஆய்வில் இத்தகைய செயல்களில் ஒன்றையாவது அனுபவித்த பெண்கள் இடத்துக்கு இடம் 20% முதல் 75% வரை இருந்தார்கள். இவ்வளவு இடைவெளி இருந்தால் அளவுகோலையே நம்ப முடியாது என்கிறார்கள். அதே ஆய்வில், அதே பெண்களிடம் கேட்ட உடல், பாலியல் வன்முறையின் எண்ணை மட்டும் அவர்கள் பார்ப்பதே இல்லை. ஜப்பானில் ஆய்வு நடந்த நகரத்தில் அது 15%, எத்தியோப்பியாவில் ஆய்வு நடந்த மாகாணத்தில் 71%. இந்த இடைவெளி முந்தையதைவிடப் பெரியது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் சுமார் 42,000 பெண்களிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்போதைய அல்லது முந்தைய துணைவரால் உளவியல் வன்முறைக்கு ஆளானவர்கள் டென்மார்க்கில் 60%, அயர்லாந்தில் 31%. உடனே, ‘பெண்கள் சமமாக வாழும் டென்மார்க்கில் இரண்டு மடங்கா? அங்கே பெண்கள் எதையும் பெரிதுபடுத்துகிறார்கள், அவ்வளவுதான்’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் டென்மார்க்கில் 32%, போலந்திலும் ஸ்பெயினிலும் 13%. இது இரண்டு மடங்குக்கும் மேல். அறையையும் உதையையுமா டென்மார்க் பெண்கள் பெரிதுபடுத்துகிறார்கள்? வெளியே சொல்லும் துணிச்சல், பிரிந்துபோன துணைவர்களின் எண்ணிக்கை, கேட்கப்படும் சூழல் என்று இந்த வேறுபாட்டுக்கு ஆராய வேண்டிய காரணங்கள் உண்டு. அவை இரண்டு வகை வன்முறைக்கும் பொதுவானவை. அடியின் எண் மாறினால் காரணத்தைத் தேடுகிறோம். வசையின் எண் மாறினால் மட்டும் ஆய்வையே தூக்கி எறியச் சொல்கிறார்கள். ஒரே வினாத்தாளின் ஒரு பக்கத்தை நம்பி மறுபக்கத்தைக் கிழிப்பதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு நியாயம் சொன்னதில்லை.

எண்ணியது வெறும் மனத்தாங்கல்தான் என்றால் அதற்குப் பின்விளைவு இருக்கக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் 1,045 பெண்களைக் கர்ப்ப காலத்திலிருந்து பிரசவத்துக்குப் பின்வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் 2010இல் வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் துணைவரின் உளவியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. உடல், பாலியல் வன்முறையின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அளக்கவே முடியாத ஒன்று எப்படி இப்படித் தடம் விட்டுச் செல்லும்?

கட்டுப்படுத்தும் நடத்தைகளில் பண்பாட்டின் பங்கு கூடுதல் என்பதை மறுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகக்கூடக் கணவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை ஒரு சமூகம் வழக்கமாகவே வைத்திருக்கலாம். அதனால்தான் 2005 ஆய்வு அவற்றைத் தனியாகக் கேட்டு, தனியாகவே எண் தந்தது. இதைத் தாண்டி இந்த ஆட்சேபத்தில் சரக்கு இல்லை.

‘நம்ம ஊருக்கு இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி’ என்பவர்களுக்கு நம் இந்தியச் சட்டமே பதில் சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், சொல்லாலும் உணர்வாலும் வதைப்பதைத் தனி வகை வன்முறையாக வரையறுக்கிறது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இகழ்வதை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதே 2005இல் இலங்கை இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உணர்வுரீதியான வதையை வன்முறையாகவே ஏற்கிறது. நீதிபதி ஒரு வழக்கில் எடைபோட்டுப் பார்க்கலாம் என்று நாடாளுமன்றங்கள் நம்பியதை ஆய்வாளர் ஆயிரம் வீடுகளில் கேட்டு எண்ணக் கூடாதா?

ஆனால் நாம் கேட்கும் விதத்திலேயே ஓரவஞ்சனை இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் கணவரின் உடல் வன்முறை பற்றித் தள்ளுவது முதல் கத்தியைக் காட்டுவது வரை ஏழு செயல்கள் கேட்கப்பட்டன. உணர்வுரீதியான வன்முறைக்கு மூன்றே கேள்விகள்: பிறர் முன்னால் அவமானப்படுத்தினாரா, மிரட்டினாரா, இழித்துப் பேசினாரா. கிடைத்த எண்கள் உடல் வன்முறைக்கு 28%, உணர்வுரீதியான வன்முறைக்கு 14%. உடனே, பார்த்தீர்களா, நம் நாட்டில் மனவதை பாதிதான் என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். ஏழு கேள்விக்குக் கிடைத்ததையும் மூன்று கேள்விக்குக் கிடைத்ததையும் அப்படிப் பக்கத்தில் வைக்க முடியாது. பிள்ளை இல்லாததைச் சொல்லிக் காட்டினாரா என்ற கேள்வி, சட்டத்தில் இருந்தும், அந்த மூன்றில் இல்லை. இனி வரும் சுற்றில் முதலில் சேர்க்க வேண்டியது அதுதான்.