மூலையில் நின்ற ராஜா

போன மாதம் குன்னூரில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டிக்கு என் சின்னவனை அழைத்துப் போயிருந்தேன். வெளியே விடாத சாரல். இவனுக்கு எதிரே உட்கார்ந்தவர், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியவர். கடைசியில் இவனிடம் ராஜாவும் ராணியும்; அவரிடம் ஒற்றை ராஜா. ஜெயித்தாகிவிட்டது என்று நான் பிளாஸ்க்கைக்கூடத் திறந்துவிட்டேன்!

அவசரமாக ராணியை நகர்த்தினான் பையன். பெரியவரின் ராஜா மூலையில். செக் இல்லை, ஆனால் நகரக் கட்டமும் இல்லை. அதற்குப் பெயர் ஸ்டேல்மேட்டாம். ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி.

எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறப்பதற்குள் பெரியவர் காய்களைத் திரும்ப வைத்தார். "தம்பி, உன் ராஜா பக்கத்துல வந்து சேர்ற வரைக்கும் எதிராளிக்கு ஒரு கட்டம் விட்டு வை. அப்புறம் மேட் பண்ணலாம்" என்றார்.

எனக்கும் சுருக்கென்றது. ஆனந்துக்கு 6 வயதில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் அம்மா சுசீலா. 2023 உலகக் கோப்பையில் இறுதிச்சுற்று வரை போன பிரக்ஞானந்தாவுக்கு, வெளிநாட்டிலும் ரசம் சாதம் செய்து தருபவர் அம்மா நாகலட்சுமி. நானோ பிள்ளையைத் திட்டி மூலையில் நிறுத்தப் பார்த்தேன்!

பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை. அருவங்காடு தாண்டியதும் அவனே சொன்னான்: "ராணியை வச்சு மேட் பண்ணப் பழகணும்மா. நாளைக்கு எதிர்ல உக்காருறியா?"

உட்கார்ந்தேன், சகோதரிகளே. இப்போது தினமும் தோற்கிறேன்!