கடன் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்

தியானப் பகுதி: உபாகமம் 24:6, 10-13, நெகேமியா 5:1-13



கடனில் நொடித்துப்போன ஒரு குடும்பத்தைக் குறித்து நம் சபைகளில் வழங்கிவரும் பேச்சு ஒன்றுண்டு. "விசுவாசிக்கு இப்படி நேருமா? எங்கேயோ ஒரு சாபம் இருக்கிறது" என்பர் சிலர். ரோமர் 13:8-ஐ எடுத்துக்காட்டி, "வசனத்தை மீறினான், அனுபவிக்கிறான்" என்பர் வேறு சிலர். மிரட்டுகிறவன் அக்குடும்பத்தின் முற்றத்தில் நின்று கூச்சலிடும்போது, "வாங்கியவன் கேட்டுத்தானே ஆகவேண்டும்" என்று சன்னலைச் சாத்திக்கொள்வர் மற்றோர். இப்பேச்சு வேதத்துக்கும் விரோதம், நாட்டின் சட்டத்துக்கும் விரோதம் என்பதையே இவ்வாரம் எழுதத் துணிகிறேன்.

முதலாவது வேதத்தைப் பாருங்கள். உபாகமம் 24-ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவனுடைய உரிமையை மறுக்கவில்லை. அவன் அடகு கேட்கலாம். ஆனால் அதை எடுக்கும்படி கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் அவன் பிரவேசிக்கலாகாது. வெளியே நிற்கவேண்டும்; கடன்பட்டவனே எடுத்துக்கொண்டுவந்து தருவான். கொடுத்தவனுடைய உரிமை வாசற்படியோடு முடிந்துபோகிறது. மாவரைக்கும் ஏந்திரக்கல்லை அடகாக வாங்கக் கூடாதென்று அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம் தடுக்கிறது. அது அக்குடும்பத்தின் அன்றாட ஆகாரம் அல்லவா? ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால், பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குளிர் இன்னதென்று மலையில் வாழும் நாம் அறிவோம். பணத்தைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. அடுப்பையும் உறக்கத்தையும் மானத்தையும் கேட்க உனக்கு உரிமையில்லை என்பதே நியாயப்பிரமாணத்தின் தீர்ப்பு.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்லுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றவனும்கூட ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவிகள், உழவனின் உழவுக் கருவிகளும் மாடுகளும் விதைத்தானியமும், தொழிலாளியின் கூலி. தீர்ப்போடு வருகிறவனே தொடக் கூடாதவற்றை, தீர்ப்பில்லாமல் இருசக்கர வாகனத்தில் வருகிறவன் தொடலாமா? கடனைச் செலுத்த வழியில்லாதவனை அந்த ஏழ்மைக்காகவே சிறையிலடைப்பது நியாயமன்று என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். வசதியிருந்தும் கொடுக்க மறுக்கிறவன் வேறு, கொடுக்க இயலாதவன் வேறு. இவ்விரண்டையும் நீதிமன்றம் பிரித்தறிகிறது. நம் சபைகளோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றன.

நம் ஸ்ரீமதுரையில் ஒரு குடும்பம் எவ்வாறு கடனில் மூழ்குகிறது என்பதை நாம் காணாதவர்கள் அல்லர். நெல்லோ வாழையோ பயிரிட்டால், முதுமலைக் காட்டிலிருந்து வரும் யானை ஒரே இரவில் அதை மிதித்துவிட்டுப் போகும். இஞ்சிக்காக எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்தால், விதையும் உரமும் கூலியும் முன்னதாகவே கைவிட்டுப் போகும். விளையும் நாளில் விலை விழும். பச்சைத் தேயிலையின் விலை 2000-ஆம் ஆண்டையொட்டிச் சரிந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாட்டைப் பெரியோர் இன்னும் சொல்லக் கேட்கிறோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் கூடலூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு கண்ணியும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக் கிடக்கும் நிலங்களில் குடியிருப்போருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்கு வங்கியில் நிலத்தின்பேரில் கடன் ஏது? குழுக் கடனும், கைப்பேசிச் செயலியும், கந்துவட்டிக்காரனுமே அவனுக்கு வங்கி. இதைச் சாபம் என்று சொல்லுகிறவர், எந்தச் சாபம் என்று சற்றே யோசித்துச் சொல்லட்டும்.

இப்பொழுது வட்டிக்கு வருகிறேன். நெகேமியாவின் காலத்தில் ஜனங்கள் பஞ்சத்தினிமித்தம் வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்தார்கள். ராஜாவுக்கு வரி செலுத்தக் கடன் வாங்கினார்கள். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள். நெகேமியா மிகவும் கோபங்கொண்டான். அவர்கள் தண்டிவந்தது நூற்றில் ஒரு பங்கு. அது மாத வட்டி என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அப்படியாயின் நம் பேச்சுவழக்கில் அது "ஒரு ரூபாய் வட்டி", ஆண்டுக்கு 12 விழுக்காடு. அடமானமில்லாத கைக்கடனுக்குத் தமிழ்நாட்டில் வட்டித்தொழில் செய்வோருக்கு அரசு விதித்துள்ள மேல்வரம்பும் அதே 12 விழுக்காடுதான். எதைக் கண்டு நெகேமியா சபையைக் கூட்டிக் கடிந்துகொண்டானோ, அதுவே இன்று சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை. அவ்வெல்லையைத் தாண்டி ஐந்து வட்டி, பத்து வட்டி, மீட்டர் வட்டி என்று தண்டுகிறவர்கள், ஞாயிறு காலையில் நம்மோடு அமர்ந்து பாமாலை பாடுவதும் உண்டு. அவர்களுடைய காணிக்கையால் சபையின் கூரை வேயப்படுவதும் உண்டு. அவர்களை நோக்கியே கேட்கிறேன்: தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்காமல், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்ன நெகேமியாவை நீங்கள் வாசித்ததில்லையா?

தமிழகத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரனின் மரணம் நாட்டை உலுக்கிய 2003-ஆம் ஆண்டிலேயே அதீத வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய அனைத்தையும் அது பெயர்சொல்லித் தடுக்கிறது. மூன்றாண்டுவரை சிறையும் விதிக்கிறது. ஆயினும் 2017 அக்டோபர் 23 அன்று, பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரு பெண் குழந்தைகளோடு, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிர்துறக்கத் துணிந்து மாண்டுபோயிற்று. சட்டம் பதினான்கு ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்தது. அக்குடும்பத்தோடு காவல் நிலையத்துக்கு நடக்கும் மனிதர் இருந்தார்களோ? மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. கூட நடக்க மனிதர் இல்லையெனில் அதுவும் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

"அப்படியானால் யாருமே கடனைத் திருப்பமாட்டார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைச் சங்கீதம் 37:21 துன்மார்க்கன் என்றே அழைக்கிறது. மனைவியின் பெயருக்கும் மைத்துனனின் பெயருக்கும் சொத்தை மாற்றிவிட்டு மஞ்சள் கடிதம் கொடுக்கிறவனுக்கு நான் வழக்காடவில்லை. சட்டமும் அவனுக்கு இடங்கொடாது, அத்தகைய மாற்றங்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்யக்கூடும். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதி நீதிமன்றத்தின்முன் வைக்கிறவனை ஏன் இகழ்கிறீர்கள்? தனிமனிதரின் நொடிப்புக்கு நம் மாவட்டங்களில் இன்றும் வழிவகுப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. கடன்களையும் சொத்துகளையும் பட்டியலிட்டு மனுச் செய்யவேண்டும். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தபின், அடமானமில்லாத கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மேல் தனியே நடவடிக்கை எடுக்க முடியாது. சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போய் அனைவருக்கும் பங்கிடப்படும். நேர்மையாய் நடந்தவருக்கு இறுதியில் விடுதலையும் உண்டு. ஏழாம் வருஷத்து விடுதலையைக் கட்டளையிட்ட உபாகமம் 15-ஐப் பரிசுத்த வேதம் என்று முத்தமிடுகிற நாம், அதன் மெல்லிய நிழலான இந்தச் சட்டத்தை நாடினவனைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிரட்டலுக்குப் பயந்து கொடுப்பது நேர்மை என்று எண்ணாதீர்கள். உங்கள் கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கத்துகிறவனுக்கு முழுவதையும் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது இழந்தவர் யார்? மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்ததை உங்கள் இக்கட்டுக்காகக் கொடுத்துவிட்டு, கேட்கவும் கூசி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர். கணக்கு நோட்டைத் திறக்காமலேயே அரிசி கொடுத்த மளிகைக்காரர். சத்தமிடுகிறவன் முதலில் பெறுகிற இடத்தில் சாதுவானவனே கொள்ளையிடப்படுகிறான். ஆகையால் பங்கிட்டுக் கொடுப்பதே நீதி.

எனவே, இப்பொழுது அந்த நெருக்கத்தில் இருக்கிற உங்களிடம் நேரே பேசுகிறேன்.

ஒளிந்துகொள்ளாதீர்கள். யாருக்கு எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு, அதில் வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்காதீர்கள்; வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே உண்மையை எழுத்தில் சொல்லுங்கள். வழக்கறிஞர் அறிவிப்போ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தால் அதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். காசோலை திரும்பியிருந்தால் அது குற்ற வழக்காகக்கூடும். அறிவிப்புக் கிடைத்த பதினைந்து நாளுக்குள் செயல்பட வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண் உண்டு.

வங்கியின் வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. நுண்கடன் முகவருக்குக் காலை 9 முதல் மாலை 6 வரையே நேரம். உறவினரையும் அண்டை அயலாரையும் தொந்தரவு செய்வதும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் ரிசர்வ் வங்கியின் விதிக்கு மாறானவை. மீறினால் நாளையும் நேரத்தையும் பெயரையும் குறித்துவைத்து, முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். அதற்கான உதவி எண் 14448. செயலிக்காரன் உங்கள் படத்தைத் திரித்து அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930-க்குச் சொல்லுங்கள். கைநீட்டினாலோ வீட்டுக்குள் நுழைந்தாலோ காவல் நிலையத்துக்குப் போங்கள், தனியே அன்று, சாட்சியோடு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? இன்றிரவே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். 14416 என்னும் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் உங்கள் உயிர் அடகாக எழுதப்படவில்லை.

சபைக்கும் ஒரு சொல். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், தன் இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கக் கடன் கொடுத்தவன் வந்திருக்கிறான் என்று ஒரு விதவை எலிசாவினிடத்தில் முறையிட்டாள். உன் புருஷன் ஏன் கடன் வாங்கினான் என்று தீர்க்கதரிசி விசாரிக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அயலார் தங்கள் பாத்திரங்களை இரவல் கொடுத்தார்கள். வீட்டின் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியைக்கொண்டு பிழைக்கும்படி அவன் சொன்னான். கடனும் தீர்ந்தது, பிள்ளைகளும் தப்பினார்கள். அற்புதத்தைக் கர்த்தர் செய்தார். பாத்திரங்களைக் கொடுத்தவர்கள் அயலார்.

அந்தப் பாத்திரம் இன்று எது? வசூலுக்கு ஆள் வருகிற நாளில் இரண்டு மூப்பர் அவ்வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்திருப்பது. கடன் பட்டியலை எழுதத் தெரியாதவருக்கு ஒரு வாலிபன் எழுதிக்கொடுப்பது. குழுத் தவணை கட்டாத சகோதரியின் வீட்டை முற்றுகையிடப் போகிற பெண்களில் நம் சபையார் ஒருவரும் இல்லாதிருப்பது. பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் வட்டியின்றிக் கொடுக்க ஒரு சிறு நிதியை ஏற்படுத்துவது. இவற்றைச் செய்யாத சபை, கடன்பட்டவர்கள் தாவீதிடம் கூடிய அதுல்லாம் குகையைப் பற்றிப் பிரசங்கிப்பானேன்?

ஜெபம்: எங்கள் கடன்களை மன்னிக்கிற பிதாவே, நெருக்கப்படுகிறவர்களின் வீட்டு வாசலை நீர் காத்தருளும். வாங்கினதை நேர்மையாய்த் திருப்பிச் செலுத்த அவர்களுக்குப் பெலனும் வழியும் தாரும். கழுத்தைப் பிடிக்கிற கைகளைத் தளரச் செய்யும். நொடித்துப்போனவர்களுக்கு விரோதமாய் எங்கள் வாய் பேசின பேச்சை மன்னித்து, அவர்களோடு நடக்க எங்கள் கால்களை எழுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.