நாலு பேர் பார்க்கணும்!

யாராவது நாலு செல்ஃபி எடுத்தால் போதும், "அவன் ஒரு நார்சிஸ்ட்ப்பா" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். நார்சிஸம், அதாவது தன்மோகம். தன்னைத் தானே அளவுக்கு மீறி நேசிப்பது என்று அர்த்தம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. நார்சிஸஸ் என்ற அழகன் குளத்து நீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி, அதைவிட்டு நகர முடியாமல் அங்கேயே செத்துப்போனான். 1914-ல் பிராய்டு இதை வைத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் இதை ஓர் ஆளுமைக் கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. அதற்காகப் பெருமை பேசுகிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. ரத்தத்தில் சர்க்கரை மாதிரிதான் இது. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, ஏறினால்தான் வம்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். நார்சிஸஸுக்கு ஒரு குளம் போதுமாக இருந்தது. நம்ம ஆட்களுக்குப் போதாது, நாலு ரோடு வேண்டும்! தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர்... முகூர்த்த நாளில் எந்தப் பக்கம் போனாலும் பேனர்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் சரி, நடுவில் கூலிங் கிளாஸோடு மாப்பிள்ளை, பின்னால் ஒரு புலி அல்லது சிங்கம், கீழே வரிசையாக நண்பர்களின் பாஸ்போர்ட் சைஸ் தலைகள். செலவு வட்டிக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். தன்னை மட்டும் நேசிக்கிறவன் வீட்டுக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வானே? இங்கே தேவைப்படுவது கண்ணாடி இல்லை, அடுத்தவன் கண். 'நாலு பேர் பார்க்கணும்' என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

அது விளையாட்டும் இல்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் லாரி ஏறி இறந்துபோனார். யாரோ ஒருவருடைய கௌரவத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை விலை கொடுத்தது.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து, 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி" என்று வளர்த்த வீடுகளில் தன்மோகம் கூடியது. உசத்தி என்று சொல்லாமல் பாசத்தை மட்டும் காட்டிய வீடுகளில் தன்மதிப்பு கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேர் வேறு. 'நான் மதிப்பானவன்' என்பது தன்மதிப்பு. 'நான் உன்னைவிட மதிப்பானவன்' என்பது தன்மோகம். இரண்டாவதற்கு எப்போதும் கீழே ஓர் ஆள் தேவை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தஸ்துக்கு ஆசைப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செருப்புப் போட்டு ஊருக்குள் நடக்க முடியாதவர்கள் நல்ல சட்டை போட்டு, வண்டி வாங்கி, தன் படத்தையும் ஒரு பேனரில் பார்க்க ஆசைப்பட்டால் அதற்குத் தன்மோகம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் கேட்பது சமமான இடம். சமம் கேட்பதும் உசரம் கேட்பதும் ஒன்றா?

உசரம் கேட்பவன் அது பறிபோகிறது என்று நினைத்தால் என்ன செய்வான்? புஷ்மன், பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல் இதைச் சோதித்தார்கள். ஒருவரைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதை மட்டமாகத் திட்டினார்கள். பிறகு திட்டியவரைக் காது கிழியும் சத்தத்தால் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். அதிகமாகத் தண்டித்தது தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் அல்ல, தன்மோகம் கூடியவர்கள்தான்.

இப்போது நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் தலித் இளைஞர் ஒருவர் அதற்கு முன்பே வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்திருந்தார். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த பொருளெல்லாம் சாம்பல். அடுத்த வருஷம் ஜூலையில் அந்த இளைஞர் தருமபுரியில் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தார்.

இதை 'கோபம்' என்றார்கள், 'மானம்' என்றார்கள். எனக்கு அந்தச் சோதனைதான் ஞாபகம் வருகிறது. தனி ஆளுக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் தன்மோகம் உண்டு. 2009-லிருந்து ஆய்வாளர்கள் 'கூட்டுத் தன்மோகம்' என்ற பெயரில் இதை அளந்து வருகிறார்கள். எங்கள் கூட்டம் உசத்தி, ஊர் உலகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்ற எரிச்சல்தான் அதன் அடையாளம். சொந்தமாகக் காட்ட ஒன்றுமில்லாதவனுக்கும் சாதி ஓர் இலவச பேனர். அச்சடிக்கக்கூடக் காசு வேண்டாம். ஒரு பெண்ணின் விருப்பம் அந்த பேனரைக் கிழித்துவிட்டதாக நினைத்ததால்தான் வீடுகள் எரிந்தன.

பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதன் அரசன் அதியமான், ஔவையாரைக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் பெருமையாகத் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான். ஔவை சொன்ன பதில் புறநானூற்றில் 95-வது பாட்டு. உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, பளபளவென்று காவலுக்குள் இருக்கின்றன, என் அரசனுடையதோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இருக்கும், ஆனால் எது உபயோகப்பட்டது என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும்!

நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறோம். கூடவே "பக்கத்து வீட்டுப் பையனைவிட நீ உசத்தி" என்பதையும் சேர்த்தே சொல்லி வளர்க்கிறோம். இரண்டில் எது அவன் மனசில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? "நீ எனக்கு வேண்டியவன்" என்று சொன்னால் பிள்ளைக்குப் போதும் என்கிறது அந்த ஆய்வு. அதைச் சொல்ல பேனர் தேவையில்லை, சாதியும் தேவையில்லை.