எதிர்த்து நிற்பவரின் பலம்

பதவியில் அமர்ந்திருப்பவரை எதிர்த்து ஒரு மாநிலம் முழுவதிலும் வாக்குக் கேட்கத் துணிபவருக்கு, பணமும் செல்வாக்கும் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலேயே நிற்குமாதலால், சாமானிய ஜனங்களின் நம்பிக்கையை ஊர் ஊராகச் சென்று சம்பாதிப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. 1990-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கல்லூரி ஆசிரியராயிருந்த பால் வெல்ஸ்டோன், பழைய பச்சைப் பேருந்து ஒன்றில் பிரயாணம் செய்து வாக்காளரைச் சந்தித்து, தம்மைவிடப் பன்மடங்கு செலவழித்த செனட்டர் ரூடி போஷ்விட்ஸைத் தோற்கடித்தார்; அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் பதவியிழந்த செனட்டர் போஷ்விட்ஸ் ஒருவரே.

ஆயினும் இம்மார்க்கம் ஜயத்துக்கு உத்தரவாதமன்று. 2018-ல் டெக்சாஸ் மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும் சென்று, அரசியல் நிதிக்குழுக்களின் பணத்தை மறுத்து, தனிமனிதரின் நன்கொடைகளாலேயே பெருநிதி திரட்டிய பீட்டோ ஓ'ரூர்க், பதவியிலிருந்த செனட்டர் டெட் குரூஸிடம் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ஆனால் அதே தேர்தலில், அவர் எழுப்பிய உற்சாகமும் துணைநிற்க, அவருடைய கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் கீழ்ச்சபையில் 12 இடங்களைக் கூடுதலாகக் கைப்பற்றியது. ஆகவே, ஜனங்களை நாடிச் சென்றவரின் உழைப்பை அவர் பெற்ற பதவியைக் கொண்டு மட்டும் அளப்பது நியாயமாகாது.