குழந்தைக்கு மறுமொழி சொல்வது யார்?

நம் இல்லங்களில் குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். கண்ணைத் திறக்கவே தயங்கும் அந்தச் சின்னஞ்சிறு உயிருக்கு என்ன விளங்கப்போகிறது என்று அந்த நேரத்தில் நாம் கேட்பதில்லை. ஆனால் சில மாதங்களுக்குள் நம் போக்கு மாறிவிடுகிறது. குழந்தை அழுதால் கைப்பேசியைக் காட்டுகிறோம். சோறூட்டவும் அதையே காட்டுகிறோம். 'இதற்கு என்ன தெரியும்?' என்ற எண்ணம் நம்மை அறியாமலேயே குடிபுகுந்துவிடுகிறது.

குழந்தைக்கு என்ன தெரியும் என்பதை ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருகின்றனர். பேசத் தெரியாத ஒருவரிடம் கேள்வி கேட்பது எப்படி என்பதே அவர்களுடைய முதல் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ், படுத்திருக்கும் குழந்தையின் கண்ணெதிரே இரண்டு படங்களை வைத்து, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று சிறு துளை வழியே கவனித்துக் கணக்கிட்டார். வெறும் வண்ணத்தைவிடக் கோலங்களையும் முக வடிவங்களையும் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை சலிப்படைந்து பார்வையைத் திருப்பும்; வேறொன்றைக் காட்டியதும் மீண்டும் உற்றுப் பார்த்தால், அந்த வேறுபாட்டை அது உணர்ந்துவிட்டது என்று பொருள். இந்த எளிய வழியே இன்றும் பல ஆய்வுகளுக்கு அடிப்படை.

செவியைச் சோதிக்க வேறொரு வழி இருந்தது. 1980இல் வெளியான ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் பால் இல்லாத ரப்பர் காம்பு வைக்கப்பட்டது. சப்பும் முறையை மாற்றினால் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். குழந்தைகள் தாயின் குரல் கேட்கும் வகையில் சப்பின. 1986இல் இன்னொரு ஆய்வு: கருவுற்ற தாய்மார் கடைசி ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒரு கதையை உரக்கப் படித்தனர். பிறந்த பிறகு குழந்தைகள் அந்தக் கதையையே விரும்பிக் கேட்டன. அதை வேறொரு பெண் படித்தபோதும் அப்படியே. கருவறையிலேயே செவி பாடம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

அடுத்து வருவது தமிழர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுவது. 'த', 'ட' என்ற இரண்டு ஒலிகளும் நமக்குத் தெளிவாக வேறு வேறு. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவர்களுக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம். இந்தியிலும் உள்ள இந்த வேறுபாட்டை வைத்துக் கனடாவில் நடந்த, 1984இல் வெளியான ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் அதை நன்கு உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் குறைந்திருந்தது. வீட்டில் கேட்காத ஒலிகளுக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே செவி மெல்ல மூடத் தொடங்குகிறது.

அப்படியானால் அந்த மாதங்களில் ஒலியைக் கேட்டால் மட்டும் போதுமா? இக்கேள்வியைச் சியாட்டில் நகர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா குல் எடுத்துக்கொண்டார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை அமர்ந்து விளையாடினர். நூல்களைப் படித்துக் காட்டினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே மனிதர்கள் அதே பொருள்களோடு பேசியதைக் காணொளியாக மட்டும் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவை மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை. 2003இல் வெளியான இம்முடிவை நம் வீட்டுக் கூடங்களில் எழுதி ஒட்டலாம்.

நம்மில் பலர் தொட்டிலருகே கைப்பேசியில் கிராஅத்தை ஒலிக்கவிட்டு அடுக்களைக்குச் செல்கிறோம். அந்த ஓசை வீட்டில் நிறைவது நன்மையே. ஆனால் அது குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்று நாம் ஆறுதல் கொண்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். மடியில் வைத்து, முகம் பார்த்து, பாட்டியார் மெதுவாக ஓதும் ஒரு சிறிய சூராவுக்கு அந்தக் கருவி ஈடாகாது. குழந்தை கண்ணை விரித்தால் பாட்டியார் புன்னகைப்பார்; அது 'ஊ' என்றால் அவரும் 'ஊ' என்பார். கருவி எதையும் கவனிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, பிறருக்கு உதவும் பொம்மையையே குழந்தைகள் தேர்ந்தெடுக்கின்றன என்றது. அதை ஃபித்ராவுக்கு அறிவியல் சான்று என்று கொண்டாட நமக்குத் தோன்றும். பின்னர்ப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. நம் ஈமான் ஆய்வுக்கூடத்தின் முடிவை நம்பி நிற்பதன்று. எனவே வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வோர் 'ஆய்வு'க்கும் துள்ள வேண்டியதில்லை. தங்கள் முடிவையே மீண்டும் சோதித்துத் தவற்றை ஒப்புக்கொள்ளும் அவர்களின் நேர்மையை நாம் கற்கலாம். அதே வகையான கூட்டு முயற்சி ஒன்றில் 67 ஆய்வுக்கூடங்கள் 2,329 குழந்தைகளைச் சோதித்தன. பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிடக் கொஞ்சிப் பேசும் பேச்சையே குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்பது அதில் உறுதியானது. கொஞ்சினால் மொழி கெடும் என்று பாட்டிமாரைத் தடுப்போர் இதை அறிவது நல்லது.

வளைகுடாவில் உழைக்கும் தந்தையரின் உள்ளத்தில் இப்போது ஒரு வேதனை எழக்கூடும்: 'என் முகம் குழந்தைக்குத் திரையில்தானே தெரிகிறது?' அவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் நடந்த, 2014இல் வெளியான ஆய்வில், காணொளி அழைப்பில் பேசியவரிடமிருந்து அவை புதிய சொற்களைக் கற்றன. பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. இரண்டும் திரைதான். ஒன்று குழந்தைக்கு மறுமொழி சொல்கிறது, மற்றொன்று சொல்வதில்லை. ஆகவே வாப்பாமார்கள் அழைக்கும்போது ஊர்ச் செய்திகளைப் பேசி முடித்துவிட்டுக் குழந்தையிடம் ஒரு 'ஸலாம்' மட்டும் சொல்லி வைத்துவிட வேண்டாம். அது காட்டும் பொம்மையைப் பற்றிக் கேளுங்கள். அதன் மழலைக்குக் காத்திருந்து பதில் சொல்லுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. இதைச் சொல்லித் தாய்மாரைக் கண்டிப்பது எளிது. ஆனால் சமையல், துணி துவைத்தல், மாமனார் மாமியார் பராமரிப்பு, மூத்த பிள்ளைகளின் பாடம் என அனைத்தையும் ஒருத்தியின் தோளில் ஏற்றிவிட்டு, அவள் பத்து நிமிடம் கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்ததைக் குற்றமாகப் பேசுவது நீதியன்று. குழந்தை தாய்க்கு மட்டும் தரப்பட்ட அமானிதமா? மஃரிப் தொழுது திரும்பும் பாட்டனார், கடையடைத்து வரும் சிறிய தந்தை, கல்லூரி செல்லும் மாமன் என்று வீட்டில் எத்தனை முகங்கள் இருக்கின்றன! அவர்கள் ஒவ்வொருவரும் நாளுக்குக் கால் மணி நேரம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் ஏற்றினாலே தாய்க்கு ஓய்வு கிடைக்கும். குழந்தைக்குப் பாடமும் கிடைக்கும்.

முதல் நாள் அதன் காதருகே குனிந்து பாங்கு சொன்னோம். அன்று குனிந்த முகங்கள் அடுத்து வரும் நாள்களிலும் குனியட்டும். அதற்கு வல்ல இறைவன் நமக்குப் பொறுமையையும் நேரத்தையும் அருள்வானாக.