ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு; ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்பது நம் நாட்டுப்புறத்துப் பழமொழி. இதன் முற்பகுதியை நாம் நன்றாகவே கற்றிருக்கிறோம். எல்லாரும் ஒரு பாடத்திற்கு ஓடினால் நாமும் ஓடுகிறோம். எல்லாரும் ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டால் நாமும் போடுகிறோம். பிற்பகுதியைத்தான் மறந்துவிட்டோம். ஊர் ஒரு பக்கம் போக, ஒருவன் மட்டும் மறுபக்கம் ஓடினால், அவனைப் பைத்தியக்காரன் என்று சிரிக்கிறோம். அவன் வென்றுவிட்டாலோ மேதை என்று மாலை போடுகிறோம். "ஏனப்பா ஓடுகிறாய்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அப்படிக் கேட்டுப் பார்க்கத் தக்க ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

வினோத் கோஸ்லா 1976இல் தில்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்குச் சோயாப்பால் விற்கும் தொழிலை இளமையிலேயே தொடங்க முயன்றார், அது கைகூடவில்லை. பிறகு அமெரிக்கா சென்று மேற்படிப்புப் படித்தார். 1982இல் வேறு மூவரோடு சேர்ந்து சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கணினி நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் கிளைனர் பெர்க்கின்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து துணிகர முதலீட்டாளரானார். 2004இல் தம் பெயரிலேயே ஒரு முதலீட்டு நிறுவனம் கண்டார். வங்கி கடன் கொடுத்தால் அடமானம் கேட்கும். துணிகர முதலீட்டாளர் கேட்பது பங்கு. நிறுவனம் முழுகினால் அவர் போட்ட பணமும் முழுகும். உயர்ந்தால் அவரும் உயர்வார்.

1996இல் நடந்ததைப் பாருங்கள். இணையம் பொதுமக்களிடம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பிரதீப் சிந்து, இணையச் செய்திகளைப் பெருவேகத்தில் வழிபிரித்து அனுப்பும் ரூட்டர் என்ற கருவியைச் செய்ய ஜூனிப்பர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இணைய நெறிமுறையைத் தங்கள் பொது வலையமைப்பில் கொள்ளப் போவதில்லை என்றே பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் கோஸ்லாவிடம் கூறின. வேறொரு முறையே வருங்காலத்தை ஆளும் என்பது அத்துறையினரின் எண்ணம். வாங்க வேண்டியவனே வேண்டாம் என்னும் சரக்குக்குப் பணம் போடுவார் உண்டோ? கோஸ்லா போடச் செய்தார். சில மில்லியன் டாலர் போட்ட அவர் நிறுவனம் பல நூறு கோடி டாலர் ஈட்டியது. வேண்டாம் என்ற தொழிலே பின்னர் அந்த ரூட்டர்களை வாங்கியது.

இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிடுவது தவறு. சன் கணினிகள் ஒன்றோடொன்று பேசியது அந்த இணைய நெறிமுறையில்தான். அதன் வலிமையை அவர் தம் தொழிலிலேயே கண்டவர். தொலைபேசிக் கம்பெனிகள் அறியாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். ஊரை மறுப்பது எளிது. மறுப்பதற்குரிய அறிவைத் தேடிக்கொள்வதுதான் அரிது.

அறிவு இருந்தும் தவறிய கதையும் உண்டு. மரத்துண்டுகளிலிருந்து எரிபொருள் எடுக்க முனைந்த கியோர் என்ற நிறுவனத்திற்குக் கோஸ்லா பெரும்பணம் கொடுத்தார். மிசிசிப்பி மாநில அரசும் 7.5 கோடி டாலர் வட்டியில்லாக் கடன் தந்தது. ஆலை எதிர்பார்த்தபடி எரிபொருள் தரவில்லை. 2014இல் நிறுவனம் திவாலாயிற்று. அரசின் கடனில் பெரும்பகுதி திரும்பவில்லை. கோஸ்லா இழந்தது தாம் தெரிந்தே பணயம் வைத்த செல்வத்தை. மிசிசிப்பியில் வரி கட்டியவன் இழந்ததோ, தன்னைக் கேளாமல் வைக்கப்பட்ட பணத்தை. எதிர்நீச்சலைப் புகழ்வோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

தோல்விக்கு அஞ்சாததே தம் வெற்றிக்கு வழி என்று கோஸ்லா பலமுறை கூறியிருக்கிறார். அதன்படியே 2019இல், விற்பதற்குப் பெரிய பொருள் எதுவும் கையில் இல்லாதிருந்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 5 கோடி டாலர் போட்டார். 2022இல் சாட்ஜிபிடி வந்தபின் அதை வியக்காதவர் இல்லை. நம் விடுதியிலும் இரவு உணவுக்குப் பின் இக்கதைகள் பேசப்படுகின்றன. "படிப்பை விட்டுவிட்டு நாமும் இறங்குவோம்" என்று சிலர் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து நிறுவனங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி ரூபாய் போட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முழுகி, ஒன்று மட்டும் நூறு மடங்கு தந்தால், பத்துக் கோடி போட்டவர் கையில் நூறு கோடி இருக்கும். தோல்வி அவருக்குத் தொழிற்செலவு. ஆனால் முழுகிய ஒன்பதில் ஒன்றை நடத்தியவன் கதி என்ன? பணம் போட்டவருக்குப் பத்து வாய்ப்பு. இவனுக்கோ வாழ்க்கை ஒன்றே. கல்விக்கடனும், ஊரில் காத்திருக்கும் தாய் தந்தையரும் உள்ளவன், பணம் போடுபவரின் துணிச்சலை அப்படியே எடுத்துக் கொண்டால், அவருடைய ஆதாயம் இல்லாமல் அவருடைய இழப்பை மட்டும் ஏற்கிறான்.

அப்படியானால் அஞ்சிக் கிடப்பதா? அன்று. கோஸ்லாவின் சோயாப்பாலை நினையுங்கள். அம்முயற்சி முறிந்தது, ஆனால் அவர் பெற்ற பட்டம் முறியவில்லை. இழப்பு தாங்கும் அளவாக இருந்ததால் மறுபடி எழ முடிந்தது. நாமும் ஒரு விடுமுறையில், ஓர் ஆய்வுக்கூடத்தில், சேர்த்து வைத்த சிறு தொகையில் ஊர் ஒப்பாத ஒன்றைச் செய்து பார்க்கலாம். தோற்றால் பாடம், வென்றால் அடுத்த படி.

ஆகவே நண்பர்களே, தனியே ஓடுபவனிடம் மூன்று கேள்விகள் கேட்போம். ஊர் அறியாத எதை நீ அறிவாய்? தோற்றால் எவ்வளவு போகும்? போவது யாருடையது? இம்மூன்றுக்கும் நேரான விடை தருபவனோடு அஞ்சாமல் ஓடலாம். ஓடுபவர் நாமேயானால் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

பழமொழி செய்த பெரியோர் பொறுப்பார்களாக: வேலைக்காகவும் பட்டத்திற்காகவும் ஊரே திரண்டு ஓடும் இந்நாளில், ஊர் ஓடினாலும் கேட்டு ஓடுவதே நமக்கு நல்லது.