தண்ணீர் போகவும் வழி வேண்டும்

சில வருடங்களுக்கு முன்னர் எனது சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் வீதியை வெட்டியவர்கள், நிலத்துக்கடியில் இருந்த கழிவுநீர்க் குழாயையும் சேர்த்து உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அரிசி இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், வாடிக்கையாளரும் வந்தார்கள். கழுவிய தண்ணீர் போகத்தான் வழியில்லை. நான்கு நாட்கள் கடையைப் பூட்டி வைத்தேன். நட்டஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அது வேறு கதை.

ஒரு குழாய்க்கே இந்தப் பாடு என்றால், ஒரு நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமே நின்றுபோனால் என்னவாகும்? ஜப்பானிலிருந்து வாகனமும் உதிரிப்பாகமும் இறக்கும் எமது வர்த்தகர்களுக்கு கோபே துறைமுகம் புதிதல்ல. 1995 ஜனவரி 17 அதிகாலை அங்கு ஏற்பட்ட பூமியதிர்ச்சியில் 6,400 க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். துறைமுகம் சிதைந்ததை உலகமே பேசியது. கரையோரத்தில், நிரப்பிய நிலத்தில் நின்ற ஹிகாஷிநாடா சுத்திகரிப்பு நிலையம் முற்றாகச் செயலிழந்ததைப் பேசியவர்கள் குறைவு. அதுதான் அந்நகரின் மிகப் பெரிய நிலையம்.

நீர் ஊறிய மணல் நிலம் பலமாகக் குலுங்கும்போது கூழ் போலாகிவிடும். பாரமான கட்டடம் அதில் அமிழும். வெறுமையான தொட்டியும் மனிதத்துளையும் மிதந்து மேலே வரும். கட்டடம் ஒரு பக்கமும் குழாய் இன்னொரு பக்கமும் இழுபட, இரண்டும் சேரும் இடம் முறியும். சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும் அந்த இணைப்பு வளைந்து கொடுக்காவிட்டால் பயனில்லை.

கழிவுநீரோ ஒரு நாள்கூட வராமல் நிற்காது. கோபேயில் நிலையத்துக்கு அருகில் இருந்த கால்வாயின் ஒரு பகுதியை அடைத்து, அதையே தற்காலிகத் தொட்டியாக்கி, கசடு படிய விட்டு, குளோரின் கலந்து கடலுக்கு அனுப்பினார்கள். சுமார் 100 நாட்கள் இப்படித்தான் சமாளித்தார்கள். பக்கத்தில் கால்வாய் இருந்தது அவர்களது அதிர்ஷ்டம்.

அதன் பின்னர் அவர்கள் செய்ததுதான் வியாபாரி கவனிக்க வேண்டியது. கட்டடத்தைப் பலப்படுத்தியதோடு நிற்கவில்லை. ஐந்து சுத்திகரிப்பு நிலையங்களை ஆழத்தில் செல்லும் பெருங்குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். சுமார் 33 கிலோமீற்றர் நீளமான அந்த வேலை 2011 இல்தான் நிறைவடைந்தது. ஒன்று விழுந்தால் அதன் கழிவுநீரை மற்றதற்குத் திருப்பலாம். பூமியதிர்ச்சி வராத காலத்திலும் அந்தக் குழாய் சும்மா கிடப்பதில்லை. ஒரு நிலையத்தைத் திருத்த வேண்டுமானால் அங்கு வரும் நீரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம். வராத ஆபத்துக்கு முதலை முடக்குவதா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அதே 2011 மார்ச் 11 இல் செண்டாய் நகரின் மினாமி-காமோ நிலையத்தைச் சுனாமி அடித்து நொறுக்கியது. நகரின் கழிவுநீரில் சுமார் 70 வீதம் அங்குதான் செல்லும். மின்சாரமும் இல்லை, பம்புகளும் இல்லை. ஆனால் நகரிலிருந்து வரும் நீர் பம்பின் தயவில்லாமல் சரிவிலேயே ஓடி வரும்படி அமைத்திருந்ததால், கழிவுநீர் திரும்பி வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் ஏறவில்லை. இயந்திரம் குறைந்த இடத்தில் பழுதும் குறைவு என்பது சரிதான் போலும். மறுபுறம், அதே வருடம் பெப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரம் குலுங்கியபோது கழிவுநீர் ஆறுகளில் கலந்தது. மக்களுக்குப் பல்லாயிரக்கணக்கில் இரசாயன மலசலகூடங்களைப் பகிர்ந்தளிக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் அப்படியான பெரிய பூமியதிர்ச்சி எங்கே வருகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நானும் இங்கே ஜப்பானைப் போல் கட்டச் சொல்லவில்லை. ஆனால் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட மின்சாரம் நின்றதே, பம்ப் நிற்பதற்குப் பூமி குலுங்கித்தான் ஆக வேண்டுமா? எங்கள் கடைத்தெருக் கழிவுநீரைத் தள்ளும் பம்புக்கு மாற்று மின்சாரம் உண்டா, குழாய் உடைந்தால் திருப்பிவிட இன்னொரு வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கும்படி எமது வர்த்தகர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும் என்று செயலாளர் சொன்னார்.